சுவிஸ் வாட்ச் வரி பூஜ்ஜியம் ஆகிறது: 25 லட்சம் ரூபாய் பெர்பெச்சுவல் காலண்டரின் விலை எவ்வளவு குறையும்?

இந்தியாவுக்கும் இஎஃப்டிஏ நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடனான ஒப்பந்தம் இது. 'சுவிஸ் சாக்லேட், சுவிஸ் வாட்ச் விலை குறையப் போகிறது' என்று அன்று பல இடங்களில் செய்தி வந்தது. சாக்லேட்டை விட்டுவிடுவோம். வாட்ச் விஷயத்தில் அந்தச் செய்தி எந்த அளவுக்கு உண்மை?

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே ஓர் அதீதமான பொருளை எடுத்துக்கொண்டேன். தங்கக் கூடு, வெள்ளை டயல், தோல் பட்டை, பழைய பாணியில் அடக்கமான தோற்றம். உள்ளே பெர்பெச்சுவல் காலண்டர், அதாவது நிரந்தர நாட்காட்டி. விலை 25 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதை வாங்கப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுங்க வரி, ஜிஎஸ்டி, பிராங்க் மதிப்பு, தங்கம் விலை, கைவேலைக் கூலி ஆகிய எல்லாமே ஒரே பொருளின் விலைக்குள் உட்கார்ந்திருப்பது இங்கேதான். வரிக் குறைப்பு எங்கே போய் மறைகிறது என்பதை இதில் பார்ப்பது சுலபம்.

முதலில், இந்த வாட்ச் என்ன செய்கிறது?

தேதி காட்டும் சாதாரண வாட்ச் ஒன்றுக்கு மாதம் என்றால் 31 நாள். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று வருடத்துக்கு ஐந்து முறை நாம்தான் திருகைத் திருகி ஒன்றாம் தேதிக்குக் கொண்டுவர வேண்டும். என் அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச்சில் மே 1-ஆம் தேதி காலையில் 31 என்று நிற்கும். அவர் காபி குடித்துக்கொண்டே அதைத் திருகுவார். அந்த வேலையை மனிதர் செய்யாமல் பல்சக்கரமே செய்யும்படி அமைத்தால் அதுதான் பெர்பெச்சுவல் காலண்டர். எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 31, எந்தப் பிப்ரவரிக்கு 28, எதற்கு 29 என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது.

எப்படித் தெரியும்? பெரும்பாலான பழைய வடிவமைப்புகளில் விளிம்பில் 48 இடங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு சிறு தட்டு இருக்கும். 48 மாதங்கள், அதாவது நான்கு ஆண்டுகள். 31 நாள் மாதத்துக்கு விளிம்பு உயரமாக இருக்கும். 30 நாள் மாதத்துக்கு ஒரு சின்னப் பள்ளம். பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். நான்கு பிப்ரவரிகளில் ஒன்றுக்கு மட்டும் ஆழம் கொஞ்சம் குறைவு, அதுதான் லீப் வருடம். இந்தத் தட்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஒரு முழுச் சுற்று சுற்றும். ஒரு நெம்புகோலின் முனை இதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் முனை எவ்வளவு ஆழத்தில் இறங்கியிருக்கிறதோ, அதற்கேற்றபடி நெம்புகோல் தேதிச் சக்கரத்தை ஒரு நாளோ இரண்டு நாளோ மூன்று நாளோ தள்ளி 1-இல் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கில் நடக்கிற வித்தியாசம் இது. பள்ளத்தின் ஆழம் கொஞ்சம் பிசகினால் ஏப்ரல் 30-க்கு அடுத்து 31 வந்துவிடும்.

இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் 1762 வாக்கில் இதைச் சட்டைப்பை கடிகாரத்தில் செய்து காட்டினார். கைக்கடிகாரத்துக்கு இது வந்தது 1925-இல். பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரத்துக்காக 1898-இல் செய்து வைத்திருந்த ஓர் இயந்திரத்தை எடுத்துக் கைக்கடிகாரக் கூட்டுக்குள் பொருத்தியது படேக் பிலிப் நிறுவனம். 1985-இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் கர்ட் கிளாஸ் இன்னொரு படி போனார். தேதி, கிழமை, மாதம், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே திருகில் நகர்த்தும்படி அமைத்தார். ஒரே ஒரு தொல்லை: முன்னால்தான் திருக முடியும், பின்னால் முடியாது. தவறிப்போய் இரண்டு நாள் கூடுதலாகத் திருகிவிட்டால் வாட்ச்சை நிறுத்திவைத்து அந்தத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும்.

'நிரந்தரம்' என்ற சொல்லிலும் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் வருடம் இல்லை. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி கொண்டுவந்த விதிப்படி, நூற்றாண்டு ஆண்டு லீப் வருடமாக இருக்க வேண்டுமானால் அது 400-ஆல் வகுபட வேண்டும். 2000 வகுபட்டது, தப்பித்தது. 2100 வகுபடாது. 48 மாதத் தட்டுக்கு இந்த விதி தெரியாது. அதனால் 2100 மார்ச் 1, திங்கட்கிழமை காலையில், இன்று விற்கப்படும் பெர்பெச்சுவல் காலண்டர்களில் பெரும்பாலானவை பிப்ரவரி 29 என்று காட்டும். கிழமை சரியாக இருக்கும், தேதிதான் தப்பு. 400 ஆண்டு விதியையும் சக்கரமாக்கிய வாட்ச்களும் உண்டு. 2024-இல் ஐ.டபிள்யூ.சி. வெளியிட்ட ஒன்றில் இதற்கென்றே 400 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் ஒரு சக்கரம் இருக்கிறது.

நம்மூர்ப் பஞ்சாங்கத்தை இப்படித் தட்டில் வெட்டிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மாதத்தின் நாள் கணக்கு சூரியன் ராசிக்குள் நுழையும் நேரத்தைப் பொறுத்தது. ஆனி சில ஆண்டு 31, சில ஆண்டு 32. மார்கழி 29 அல்லது 30. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை திரும்பிவரும் ஒழுங்கான வரிசை அதில் கிடையாது. வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு வேறு.

சரி, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் கேசியோ டிஜிட்டல் வாட்ச்களிலும் 2099 வரை தானாகவே தேதி மாறும் மாடல்கள் இருக்கின்றன. அப்படியானால் 25 லட்சம் எதற்கு? ஒரு கணக்கு. 2026-இல் வாங்கி 2100 வரை வைத்திருந்தால், சாதாரண வாட்ச்சில் 74 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஐந்து என்று 370 முறை திருக வேண்டியிருக்கும். 25 லட்சத்தை 370-ஆல் வகுத்தால் ஒரு திருகலைத் தவிர்க்க 6,757 ரூபாய். பயனைப் பார்த்து யாரும் இதை வாங்குவதில்லை என்பது இதிலிருந்தே தெரியும். நூற்றுக்கணக்கான பாகங்கள், அவற்றைக் கையால் தேய்த்து மெருகேற்றுகிறவரின் கூலி, தங்கம், பெயர். இவற்றுக்குத்தான் காசு. இவற்றில் முதல் இரண்டுக்கும் சுவிஸ் பிராங்கில்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். கதை இங்கேதான் சுவாரசியமாகிறது.

வரி எவ்வளவு, எதன் மேல்?

2018 பட்ஜெட்டில் கைக்கடிகாரங்கள் மீதான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்ந்தது. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல கூடுதல் வரி. மொத்தம் 22 சதவீதம். இதுதான் ஒப்பந்தப்படி 7 ஆண்டுகளில் படிப்படியாகப் பூஜ்ஜியம் ஆகிறது.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்த 22 சதவீதம் கடையில் நாம் பார்க்கிற விலை மேல் போடப்படுவது இல்லை. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ இறக்குமதியாளர் காட்டும் மதிப்பின் மேல் போடப்படுவது. கடை வாடகை, விளம்பரம், லாபம் எல்லாம் அதற்குப் பிறகுதான் சேர்கின்றன. ஜிஎஸ்டி 18 சதவீதம் கடைசி விற்பனை விலை மேல் வரும். அதை ஒப்பந்தம் தொடவே இல்லை.

நம் 25 லட்சம் வாட்ச்சின் இறக்குமதி மதிப்பு 12 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். இது என் அனுமானம்தான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இது மாறும், யாரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். 12 லட்சத்துக்கு 22 சதவீதம் வரி 2 லட்சத்து 64 ஆயிரம். 25 லட்சத்தில் ஜிஎஸ்டியைக் கழித்தால் 21 லட்சத்து 19 ஆயிரம் வரும். அதிலிருந்து இறக்குமதி மதிப்பையும் சுங்க வரியையும் கழித்தால் மிச்சம் சுமார் 6 லட்சத்து 55 ஆயிரம். இது விநியோகஸ்தரும் கடைக்காரரும் பிரித்துக்கொள்வது.

இப்போது வரி முழுவதும் போய்விட்டது, அந்தப் பலன் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வாடிக்கையாளருக்கு வந்துவிட்டது என்று நம்புவோம். புது விலை சுமார் 21 லட்சத்து 88 ஆயிரம். மிச்சம் 3 லட்சத்து 12 ஆயிரம், அதாவது 12.5 சதவீதம். '22 சதவீதம் வரி போகிறது' என்ற தலைப்பு வாங்குகிறவரின் பில்லில் 12.5 ஆகச் சுருங்கிவிட்டது. அதையும் 7 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 45 ஆயிரம் ரூபாய் சுமார்.

ஆனால் அந்த 45 ஆயிரமும் வருமா?

பிராங்க் செய்த வேலை

ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச் 10. அன்று ஒரு சுவிஸ் பிராங்க் சுமார் 94 ரூபாய். அது அமலுக்கு வந்த 2025 அக்டோபர் 1-ஆம் தேதி சுமார் 111 ரூபாய். 19 மாத இடைவெளியில் ஏறத்தாழ 18 சதவீத ஏற்றம். ரூபாய் டாலருக்கு எதிராக இறங்கியது, பிராங்க் டாலருக்கு எதிராக ஏறியது. இரண்டும் சேர்ந்து நம்மை அடித்தன. உலகத்தில் எங்கே பதற்றம் வந்தாலும் பணம் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடங்களில் பிராங்க் ஒன்று. எனவே பிராங்க் ஏறியதில் ஆச்சரியமில்லை.

இதை நம் கணக்கில் போடுவோம். வாட்ச்சின் பிராங்க் விலை ஒரு காசுகூட ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் 12 லட்சம் இறக்குமதி மதிப்பு 14 லட்சத்து 16 ஆயிரம் ஆகிவிடுகிறது. வரியின் முதல் தவணை, ஏழில் ஒரு பங்கு, குறைந்த நிலையில் வரி விகிதம் 18.9 சதவீதத்துக்கு அருகில் இருக்கும். கடைக்காரர் லாபம் அதே 6.55 லட்சம். ஜிஎஸ்டியும் சேர்த்தால் கடை விலை சுமார் 27 லட்சத்து 58 ஆயிரம்.

அதாவது வரி குறைந்த முதல் ஆண்டில் விலை இரண்டரை லட்சம் கூடிவிட்டது.

இன்னொன்று. அந்த 18.9 சதவீத வரி ரூபாயில் எவ்வளவு? 2 லட்சத்து 67 ஆயிரம். 22 சதவீதமாக இருந்தபோது கட்டியது 2 லட்சத்து 64 ஆயிரம். விகிதம் இறங்கியும் ஒரு வாட்ச்சுக்கு அரசுக் கணக்கில் சேரும் ரூபாய் குறையவில்லை. ரூபாய் மதிப்பு இறங்கும்போது சுங்க வரி தானாகவே ஏறிக்கொள்ளும் என்பது இப்படித்தான்.

பிராங்க் 111-இலேயே நின்றுவிட்டது, 7 ஆண்டு முடிந்து வரியும் பூஜ்ஜியம் ஆகிவிட்டது என்று வைத்தால் விலை 24 லட்சத்து 43 ஆயிரம். 25 லட்சத்திலிருந்து குறைவது 57 ஆயிரம் ரூபாய் சுமார். ஏழு வருஷம் காத்திருந்ததற்கு 2.3 சதவீதம்.

இதில் தங்கத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கையெழுத்தான சமயத்தில் ஓர் அவுன்ஸ் சுமார் 2,180 டாலராக இருந்த தங்கம், ஒப்பந்தம் அமலானபோது 3,800 டாலரைத் தாண்டியிருந்தது. பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச்களில் பெரும்பகுதி தங்கக் கூட்டில் வருபவை. எஃகுக் கூட்டில் குறைந்த விலைக்கு வருபவையும் உண்டு. பிரெடெரிக் கான்ஸ்டன்ட் 2016-இல் 10,000 யூரோவுக்குக் கீழே ஒன்றைக் கொண்டுவந்தபோது வாட்ச் உலகம் கொஞ்சம் ஆடித்தான் போனது.

நிறுவனங்கள் விலையை இறக்க ஏன் அவசரப்படப் போவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய பெயர்கள் மும்பையிலும் துபாயிலும் லண்டனிலும் விலை வித்தியாசம் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளவே விரும்புகின்றன. ஒரு நாட்டில் மலிவாகக் கிடைத்தால் அங்கே வாங்கி இங்கே விற்பவர்கள் முளைத்துவிடுவார்கள். வரி அதிகமாக இருந்த காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பும் சரக்கில் குறைந்த லாபம் வைத்துச் சமாளித்திருந்தால், இப்போது வரி குறைவதை அந்த லாபத்தைச் சரிசெய்யப் பயன்படுத்திக்கொள்ளலாம். சட்டப்படி அதில் தப்பும் இல்லை.

துபாய்க்குப் போய் வாங்கினால்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான். சுற்றுலாப் பயணிக்கு அதிலும் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பல காலமாக இந்தியர்கள் அங்கே வாங்குவதற்குக் காரணம் இதுதான். ஆனால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். கையில் கட்டிக்கொண்டு வந்தால் கணக்கில் வராது என்பது வெறும் நம்பிக்கை. சுங்கத் துறை பறிமுதல் செய்தால் வாட்ச்சும் போகும், அபராதமும் வரும்.

உள்ளூரில் வாங்கினாலும் அரசின் கண் இருக்கிறது. 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 1 சதவீத டிசிஎஸ் பிடிக்கப்படுகிறது. பந்தயக் குதிரை, ஓவியம், கைப்பை எல்லாம் இருக்கும் அதே பட்டியலில் கைக்கடிகாரமும் இருக்கிறது. 25 லட்சத்துக்கு 25 ஆயிரம். இது கூடுதல் வரி இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். யார் வாங்கினார் என்ற தடம் வருமான வரித் துறையிடம் இருக்கும் என்பதுதான் இதன் நோக்கம். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் ரூபாய் வாட்ச்சுக்கும் 18 சதவீதம், 25 லட்சம் வாட்ச்சுக்கும் 18 சதவீதம். முதலில் 28-ஆக இருந்ததை 2017 நவம்பரில் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் ஆடம்பரப் பொருட்களுக்கு 40 சதவீத அடுக்கு வந்தபோதும் வாட்ச் அதில் சேரவில்லை. பெரிய கார் ஆடம்பரம், தங்க வாட்ச் ஆடம்பரம் இல்லை என்ற இந்தப் பிரிவினைக்கு எனக்கு இன்னும் காரணம் பிடிபடவில்லை.

அப்படியானால் சுவிஸ்காரர்கள் ஏன் இவ்வளவு ஆவலாக இருக்கிறார்கள்?

2024-இல் சுவிட்சர்லாந்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்த வாட்ச்களின் மதிப்பு சுமார் 2,600 கோடி பிராங்க். அதில் இந்தியாவுக்கு வந்தது சுமார் 27 கோடி பிராங்க், நூற்றில் ஒரு பங்கு. அமெரிக்கா மட்டும் 440 கோடி பிராங்க் அளவுக்கு வாங்கியது. தொகையைப் பார்த்தால் இந்தியா சின்னக் கடை. ஆனால் அதே ஆண்டில் சீனாவுக்கான ஏற்றுமதி கால்வாசி விழுந்தது, இந்தியாவுக்கானது கால்வாசி வளர்ந்தது. அதன் பிறகு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சுவிஸ் பொருட்கள் மேல் 39 சதவீத வரியைப் போட்டது. நவம்பரில் பேசி 15-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய சந்தை சரிகிறது, இன்னொன்று மிரட்டுகிறது. இந்த நேரத்தில் 7 ஆண்டுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வரிக் குறைப்பு என்பது அவர்களுக்கு விலையைவிட நிச்சயம். கடை திறக்கலாமா, சர்வீஸ் மையம் வைக்கலாமா என்று முடிவெடுக்க அது போதும். பெர்பெச்சுவல் காலண்டர் வாங்கியவருக்கும் அந்த சர்வீஸ் மையம்தான் 57 ஆயிரத்தைவிடப் பெரிய விஷயம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நள்ளிரவை ஒட்டி, சக்கரங்கள் தேதி மாற்றத் தயாராகும் நேரத்தில், பொத்தானை அழுத்தித் தேதி திருத்தினால் பல் உடையலாம். உடைந்தால் பழுது பார்க்கத் தெரிந்த கை எங்கும் குறைவு, பல நேரம் வாட்ச் சுவிட்சர்லாந்துக்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

அரசுக்கு இழப்பு என்ன? 2024 ஏற்றுமதி மதிப்பை ரூபாயாக்கினால் சுமார் 2,600 கோடி. அதில் 22 சதவீதம் என்றால் 570 கோடி ரூபாய் சுமார். முழுதாக விட்டுக்கொடுத்தால் ஆண்டுக்கு இவ்வளவு, இறக்குமதி வளர்ந்தால் இன்னும் கூடும். பதிலுக்கு 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடும் 10 லட்சம் நேரடி வேலைகளும் வர வழிசெய்வதாக இஎஃப்டிஏ நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

உண்மையில் உரசல் வரப்போவது 25 லட்சம் வாட்ச்சில் இல்லை. வரிக் குறைப்பு 40 ஆயிரம், 60 ஆயிரம் ரூபாய் சுவிஸ் வாட்ச்சுக்கும் உண்டு. 2018-இல் வரியை இரட்டிப்பாக்கியபோது உள்நாட்டு உற்பத்திக்குப் பாதுகாப்பு கிடைத்தது அந்த உயரத்தில்தான். பெங்களூருவில் 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவு செய்துவிட்டது. மிச்சம் இருக்கும் பெரிய பெயர், தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன். ஓசூரில் தொழிற்சாலை. அவர்களும் மேலே ஏறப் பார்க்கிறார்கள். நெபுலா வரிசையில் ஜல்சா என்ற டூர்பியான் வாட்ச்சை 10 மட்டும் செய்து, ஒன்று 40 லட்சம் ரூபாய் சுமார் என்று விலை வைத்தார்கள். ஆனால் ஓசூர்த் தொழிலாளியின் வேலை அந்தப் பத்தில் இல்லை. சில ஆயிரம் முதல் அரை லட்சம் வரையான வாட்ச்களில் இருக்கிறது. பிராங்க் இப்படியே ஏறிக்கொண்டிருக்கும்வரை அவர்களுக்கு அது ஒரு மறைமுக அரண். பிராங்க் இறங்கி வரியும் போய்விட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் டைட்டனின் 45 ஆயிரமும் சுவிஸ் 45 ஆயிரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி டைட்டனுடையதாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு பிராண்டுகளை விற்கும் ஹீலியோஸ் கடைகளை நடத்துவதும் டைட்டன்தான்.